படி வேண்டாத வீடு

"படியே வேணாம் மேஸ்திரி. அஞ்சையும் பிரிச்சிடுங்க!"

மூங்கில் மேஸ்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடுப்பளவு உயரத்தில், மூங்கில் கால்கள் மேல் நிற்கும் வீடு அது. அவர் சொந்தப் பொறுப்பில் எடுத்த முதல் வேலை. குடிவருகிறவர்களுக்குப் பிடித்தால்தான் அடுத்த வேலை.

"படியில்லாம எப்படிம்மா ஏறுறது? பறந்தா?"

"வாசல்லேர்ந்து நீளமா ஒரு சரிவு போடுங்க. ரெண்டு பக்கமும் கைப்பிடி."

வரைபடத்தில் அது இல்லைதான். ஆனால் வேலை தொடங்குமுன் வீட்டுக்காரம்மாளின் மகள் வெளியூரிலிருந்து போனில் சொல்லியிருந்தாள்: "அம்மா இருக்கப் போற வீடு. தினமும் வந்து நிப்பாங்க. அவங்க சொல்றபடி கட்டுங்க."

சொன்னபடியே முதல் நாள் காலையில் குடையும் முக்காலியுமாக வந்து உட்கார்ந்தவர்தான் இந்த அம்மாள். மூன்று மாதமாக ஒரு நாள் தவறவில்லை. வாயும் ஓயவில்லை.

"கணுவையெல்லாம் நல்லா சீவுங்க, கை வெச்சா வழுக்கணும்... தரைப் பட்டையில இடுக்கு தெரியுது பாருங்க... கதவு இன்னும் அகலம்!"

"உள்ள மாட்டு வண்டியா ஓடப் போகுது?"

"வண்டி ஓடும்னே வெச்சுக்கங்களேன்!"

வெளி வராண்டாவை மட்டும் மூன்று முறை பெரிதாக்கச் சொன்னார். "நாள் பூரா உக்காந்திருந்தாலும் அலுக்கக் கூடாது மேஸ்திரி. மரம் தெரியணும். தெருவுல போறவங்க முகம் தெரியணும்."

கடுப்பாக இருந்தாலும், கட்டக் கட்ட மேஸ்திரிக்கே ஆசை பொங்கியது. கடைசி முடிச்சை இறுக்கிவிட்டுத் தூணைத் தட்டினார். கிண்ணென்றது. "எப்படி இருக்கு?" என்று சின்னப் பிள்ளை போலக் கேட்டார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் கார் வந்தது. மகள் பதறியபடி இறங்கினாள்.

"மேஸ்திரி, தப்பு என்மேலதான். ஆஸ்பத்திரி அலைச்சல்ல உங்ககிட்டச் சொல்லவே மறந்துட்டேன். அம்மாவால இனிமே படி ஏற முடியாது. வீட்டை மாத்திக் கட்ட..."

அவள் கண் சரிவில் பதிந்திருந்தது.

காரிலிருந்து இறக்கிய சக்கர நாற்காலியில் ஒரு மூதாட்டி. கைப்பிடியைப் பற்றி, யார் துணையுமின்றி மேலே ஏறினார். அகலக் கதவுக்குள் போய், வளைந்து, வராண்டாவுக்கு வந்து, "கடவுளே!" என்று கைகொட்டிச் சிரித்தார்.

மேஸ்திரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவங்க அம்மான்னா... அப்போ நீங்க யாரு?"

முக்காலியை மடக்கிக்கொண்டு நழுவப் பார்த்த அம்மாள் மாட்டிக்கொண்டார். "எதிர்வீடு. அதைச் சொல்லியிருந்தா என் பேச்சைக் கேட்டிருப்பீங்களா?"

குரல் கேட்டு மூதாட்டி திரும்பினார். கண்கள் விரிந்தன.

"அடியே, இங்க வா! மூங்கில் வேலை தொடங்குறதுக்கு முந்தின நாள் இடத்தைப் பாக்க வந்து, கால் நட வெட்டி வெச்சிருந்த குழியில நான் விழுந்தப்ப, தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேர்த்து, 'இனி சக்கர நாற்காலிதான்'னு டாக்டர் சொன்னதுக்கு என்னைவிட அதிகமா அழுதுட்டு, பேரைக்கூடச் சொல்லாம போன மகராசி இவதான்!"