நடுச்சுவரைத் தாண்டிய வீடு

பச்சைக் கோடு பாதியில் நின்றுவிட்டது.

என் லேப்டாப்பிலிருந்து நடுச்சுவரைத் தாண்டி, அடுத்த அறையில் இருக்கும் மனைவியின் லேப்டாப்புக்குப் போக வேண்டிய வீடியோ. காலையிலேயே இன்டர்நெட் படுத்துவிட்டதால் இரண்டையும் நேரடியாக வைஃபையில் இணைத்திருந்தோம். வேகமா அது? தலையெழுத்து!

நாங்கள் இருவரும் வீட்டு வரைபடம் போடுகிறவர்கள். மாலையில் ஒரு பல் டாக்டர் வருகிறார், தான் கட்டப்போகும் வீட்டை வீடியோவாகத் திரையில் பார்க்க. பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் போன தடவையே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வீட்டு மாடிப்படியால்தான் முந்தாநாள் எங்கள் வீட்டில் பேச்சு நின்றது. படி கூடத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்றேன் நான். வெளியே இருந்தால் மாடியை வாடகைக்கு விடலாம் என்றாள் அவள். வாக்குவாதம் முற்றி, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேச்சுக்குள் இழுக்கப்பட்டு, இரண்டு கதவுகள் சாத்தப்பட்டன.

பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் சட்டென்று முடிகிற வேலை. ஆனால் அதைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்க வேண்டுமே! முதலில் போனவன் தோற்றவன். அதெல்லாம் நம்மால் ஆகாது.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் சத்தம் இல்லாத வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் போனால் போகட்டும், இவள் என்னோடு பேசினால் போதும் என்று இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, யாரையும் பார்த்துச் சொல்லாத ஒரு குரல் வந்தது.

“யாரோ என்னமோ அனுப்புறாங்க போல. வந்து சேர்றதுக்குள்ள டாக்டர் வீடு கட்டிக் குடியே போயிடுவாரு.”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போனேன். நாற்காலி மேல் ஏறி நின்றேன். கோடு அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு அறையை விட்டு வெளியே வந்தேன்.

அவளும் வெளியே நின்றாள், லேப்டாப்பைக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு.

முழங்கை இடிக்கிற தூரம். குறுக்கே சுவரும் இல்லை. அப்போதும் கோடு நகர்வேனா என்றது.

அதிருக்கட்டும், வாங்கிக்கொள்கிறவள் எதற்குச் சிக்னல் தேடி அலைகிறாள்?

சந்தேகம் வந்து என் ஃபோல்டரைத் திறந்தேன். அதற்குள் நான் அறியாத ஒரு வீடியோ பாதி இறங்கி நின்றிருந்தது. நான் ஒன்று அனுப்ப, அவள் ஒன்று அனுப்ப, இரண்டும் ஒரே வழியில் முட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன.

ஒன்றன்பின் ஒன்றாக விட்டதும் ஒருவழியாக இரண்டும் வந்து சேர்ந்தன. அவள் என்னுடையதைத் திறந்தாள், நான் அவளுடையதை.

அவள் அனுப்பிய வீட்டில் படி கூடத்துக்குள் இருந்தது. நேற்று முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு இதைத்தான் செய்திருக்கிறாள்.

நான் அனுப்பிய வீட்டில் படி வெளியே இருந்தது. நேற்று முழுக்க நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். எல்லாம் ஒரு நிமிடம்.

“வெளிய வெச்சா மழையில நனைஞ்சுக்கிட்டு ஏறணும்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப என்ன புதுசா?” என்று ஆரம்பித்தாள்.

நான் விடுவேனா? மாடி வாடகையைப் பற்றி எடுத்துவிட்டேன்.

வாசல் மணி அடித்தது எங்கள் காதில் விழவே இல்லை. பல் டாக்டர் தானாகவே உள்ளே வந்து நின்றபோது, நான் அவளுடைய படிக்காகவும் அவள் என்னுடைய படிக்காகவும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம்.