சூடு தெரியும் கை

"அந்தக் கை வேணாம்ப்பா. பிளாஸ்டிக் கையால எங்கயாச்சும் வாய்க்கரிசி போடுவாங்களா?" என்று பெரியப்பா தடுத்தார்.

செழியன் கேட்கவில்லை. விபத்தில் போன வலது கைக்குப் பதிலாக வந்த கை அது. அதன் தோலில் உணர்வு ஓடுவதற்காக, செயற்கைக் கை செய்யும் ஆலையில் பிளாஸ்டிக் குழம்போடு மின்சாரம் கடத்தும் கிராஃபீன் பொடியைக் கட்டி தட்டாமல் கலந்தவள், இப்போது பாடையில் கிடக்கும் அவன் அம்மா செண்பகவல்லிதான். தினமும் வேலை விட்டு வந்ததும் அந்த உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "சூடு தெரியுதாடா?" என்பாள். "தெரியுதும்மா" என்பான். அப்புறம்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அரிசியைப் போட்டவன் கையை எடுக்கவில்லை. அவள் கன்னத்தில் வைத்தபடியே நின்றான்.

"தெரியலம்மா" என்றான்.