மேற்கு அறையின் எடை

பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்தமானில் வந்த சட்டம் அது. 'ட' வடிவில் கட்டிய வீடென்றால் இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். மீறினால் சுவர் சிவக்கும். படுத்த படுக்கையாகக் கிடப்பவர் உட்பட அத்தனை பேரும் வெளியேறியாக வேண்டும்.

கிழக்கு அறையில் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உறவு மொத்தமும் அங்கேதான். மேற்கு அறையில் அரிசி மூட்டைகளோடு எடைக்கு நின்றவள் மகள் தெய்வானை மட்டுமே. கையில் பால் டம்ளர்.

"அண்ணே, யாராவது ஒருத்தர் இந்தப் பக்கம் வாங்க. அப்பாவுக்கு ஒரு வாய் பால் ஊத்திட்டு வந்துடறேன்."

"சித்தப்பா, மாமா எல்லாரும் இப்பதான் கப்பல்லேர்ந்து வந்திருக்காங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எந்திரிங்கன்னு சொல்றது? கொஞ்சம் பொறும்மா."

பொறுக்க முடியாமல் அவள் நிலைப்படியைத் தாண்டி ஒரு காலை வைத்தாள். சுவர் லேசாகச் சிவந்தது. காலை இழுத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் அண்ணியின் அழுகுரல் கேட்டது. அப்பாவின் உடலைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். டம்ளரில் பால் ஆடை கட்டியிருந்தது.

"கிழக்குப் பக்கம் எடை குறைந்துவிட்டது," என்றது சுவர், பணிவாக. "தயவுசெய்து அந்த அறைக்குப் போய் நில்லுங்கள்."