பஞ்சம்மாளின் முறைத் தண்ணீர்

"ஏலே கர்ணா! எம் முறையில உன் மடை எதுக்குலே தொறந்து கெடக்கு?"

பஞ்சம்மாள் போட்ட சத்தத்தில் கோம்பை ஓடையில் நின்ற கொக்குகள் பறந்துவிட்டன.

கர்ணனின் சோளக்காடு ஓடையின் மேல்பக்கம். அவள் வயல் கீழே. கோடையில் ஓடைத் தண்ணீர் ஆளுக்கு ஒரு நாள், பொழுது அடையும்வரை. அது ஊர்க் கட்டுப்பாடு. நெல் பால் பிடிக்கிற சமயம். இன்றைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் பஞ்சம்மாளுக்கு மிஞ்சுவது பதர்தான்.

"சின்னாத்தா, கொஞ்சம் நான் சொல்றதை..."

"திருடனுக்குப் பேச்சு வேறயா? கிராம முன்சீப்புகிட்ட பிராது குடுக்கல, நான் பஞ்சம்மா இல்ல!"

சேலையை இழுத்துச் செருகினாள். மண்ணை அள்ளி அவன் மடையை அடைத்தாள். இனி முழுத் தண்ணீரும் தனக்குத்தான் என்று நிம்மதியாக வயலுக்கு நடந்தாள்.

வயலில் வரத்து கூடவில்லை. குறைந்தது. சற்று நேரத்தில் நூலாகி, அதுவும் நின்றுபோனது.

ஓடை வழியே மேலே ஓடினாள். கர்ணனின் மடையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் தண்ணீர் வந்திருந்தது. பிறகு வெறும் மணல். வந்ததையெல்லாம் அது குடித்துக்கொண்டிருந்தது.

"அதைத்தேன் சொல்ல வந்தேன் சின்னாத்தா. இந்த வருசம் மணலுக்குத் தாகம் அடங்க மாட்டேங்குது. அதான் எங்காட்டு வழியா வாய்க்கா வெட்டி, களிமண்ணு பூசி, மணலுக்கு அந்தப் பக்கம் ஓடையில விட்டிருக்கேன். போன முறையும் உங்களுக்கு இப்படித்தேன் வந்துச்சு."

பஞ்சம்மாள் அடைத்த மண்ணைத் தோண்டி எடுத்தாள். பாய்ந்த தண்ணீரோடு கூடவே நடந்தாள். வாய்க்காலின் இரண்டு பக்கமும் கர்ணனின் சோளம் வாடிச் சுருண்டு நின்றது. கரையில் ஓரிடத்தில்கூட வெட்டு இல்லை.

"இம்புட்டுத் தண்ணி உங்காட்டுக்குள்ள ஓடுது. நீ ஒரு சொட்டுக்கூட எடுக்கலையாய்யா?"

"இன்னைக்கு உங்க முறையாச்சே."

திருடன் என்று சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. "நல்லாயிருப்பய்யா" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் வயல் நிறைந்துவிட்டது. பஞ்சம்மாள் திரும்பி வந்தாள். அங்கே கிடந்த கர்ணனின் மண்வெட்டியை எடுத்து வாய்க்கால் கரையை வெட்டினாள். தண்ணீர் சோளத்துக்குள் பாய்ந்தது.

கர்ணன் பதறி ஓடி வந்தான். "என்ன சின்னாத்தா இது! பொழுது அடையலையே, இன்னும் உங்க முறைதான!"

"தெரியும்லே. அதான் நான் வெட்டுறேன்."