துணைவி ண்மீன்

பேனரைப் பார்த்ததும் மண்டபமே சிரித்தது.

"டாக்டர் தயானந்தன் கண்டுபிடித்த துணைவி" என்று முதல் வரி. அதோடு இடம் முடிந்துவிட்டது. மிச்சம் இரண்டாம் வரிக்கு இறங்கியிருந்தது: "ண்மீன் மண்டலங்கள்."

துணை விண்மீன் மண்டலங்கள் என்று வந்திருக்க வேண்டும். தெப்ராவில் ஒரு சீனக் கடையில் அடித்தது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. இடைவெளி விடாமல் அடித்து, துணி முடிகிற இடத்தில் சொல்லை வெட்டிவிட்டார்.

"இவ்ளோ லேட்டாவா சார் துணைவியைக் கண்டுபிடிச்சீங்க?" என்று பின்வரிசையில் யாரோ கேட்க, பாராட்டு விழாவுக்கு வந்த கூட்டம் இன்னொரு முறை சிரித்து ஓய்ந்தது.

முன்வரிசையில் தர்மினியும் சிரித்தாள். அந்தத் துணைவி அவள்தான்.

தயானந்தனுக்கு முகம் சுண்டிவிட்டது. சங்கச் செயலாளர் மதிவாணனை மேடை ஓரத்துக்கு இழுத்தார். "அலமாக்! யாருப்பா இதைச் செக் பண்ணது?"

"சாம்பிளை உங்க போனுக்குத்தான் சார் அனுப்பினேன். 'ஓகே லா'ன்னு ரிப்ளை வந்துச்சே."

தயானந்தன் நெற்றியைச் சுருக்கினார். அதற்குள் அவரைப் பேச அழைத்துவிட்டார்கள்.

தர்மினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தலைக்கு மேல் இப்படி ஒரு சொல் தொங்கும்போது அதைத் தொடாமல் அவரால் பேச முடியாது. தொட்டால் அவள் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஏனென்றால், அந்த மண்டலங்களைக் கண்டுபிடித்தது அவள்.

குவாசர் என்பது ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் உட்கார்ந்து, தன்னைச் சுற்றியுள்ளதை விழுங்கி விழுங்கியே பிரகாசிக்கிற சாதி. நமக்கு அருகில் இருக்கிற குவாசர்கூடக் கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளித்தான் இருக்கிறது. அந்தப் பிரகாசத்தில் அதன் பக்கத்தில் நிற்கும் சின்னத் துணை மண்டலங்கள் கண்ணுக்கே தெரியாது. தெரிய வேண்டுமென்றால், படத்திலிருந்து நடுவில் இருப்பவரின் வெளிச்சத்தைப் பக்குவமாகக் கழித்தெடுக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகக் கழித்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து போய்விடும்.

குழந்தை பிறந்ததும் பல்கலைக்கழக வானியல் வேலையை விட்டவள் தர்மினி. பெர்மாஸ் ஜெயா பகுதியில் இருந்த வீட்டில், சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தை வருடக்கணக்கில் கழித்தாள். "எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை ஏன் காயுது?" என்று மாமியார் கேட்டார். தயானந்தன் சிரித்தார். அந்த வீட்டில் எள்ளு யார் என்பதை அவர் தன் அம்மாவிடம் சொல்லவே இல்லை.

ஒருநாள் வெளிச்சம் போன இடத்தில் இரண்டு மங்கலான திட்டுகள் தெரிந்தன. ஒன்று பாதி கிழிந்து, நடுவை நோக்கி இழுபட்டுக்கொண்டிருந்தது. குவாசரின் பிரகாசமே அதைத் தின்று வந்ததுதான் போலிருந்தது. அன்றைக்கு அவர் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தார்.

கட்டுரையையும் அவள்தான் எழுதினாள். வெளிவந்தபோது ஆசிரியர் வரிசையில் அவள் இல்லை. "நீ எந்த யூனியிலயும் இல்லையே, எந்த அட்ரஸைப் போடுறது?" என்றார். கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில், "என் மனைவிக்கு" என்று இருந்தது. அங்கேயும் பெயர் இல்லை.

இப்போது அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேனரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

சொல்லிவிடுவார் என்றே நினைத்தாள்.

"பேனர்ல தப்பே இல்லைங்க," என்றார். "விடிய விடிய டீ கலக்கிக் கொடுத்த துணைவி இல்லாம இந்த மண்டலம் எனக்குக் கிடைச்சிருக்குமா?"

மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று பக்கத்து நாற்காலிப் பெண் தர்மினியின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

தயானந்தன் டீ குடிக்கவே மாட்டார். அந்த வீட்டில் டீ குடிப்பது தர்மினி. கலக்கிக்கொள்வதும் அவளேதான்.

பொன்னாடை போர்த்தினார்கள். குரூப் போட்டோவுக்கு அவளையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். மதிவாணன் பேனரின் ஓரத்தைக் காட்டினார்.

"அக்கா, நீங்க அந்த 'துணைவி'க்கு முன்னால நில்லுங்க. பேப்பர்ல வரும். தப்பு மறைஞ்சிடும்."

தப்பை மறைக்கத் தர்மினி போய் நின்றாள். போட்டோக்காரர் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். மூன்று சொல்லும்போது அவள் படி இறங்கியிருந்தாள்.

படத்தில் தயானந்தன் பொன்னாடையோடு சிரிக்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. அங்கே அந்தச் சொல் மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் காரை ஓட்டினாள். அவர் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தார். மதிவாணன் அனுப்பிய பேனர் சாம்பிளும் இருந்தது. அதற்குக் கீழே "ஓகே லா"வும் இருந்தது.

"நான் எப்ப இதை அனுப்பினேன்? எனக்கு ஞாபகமே இல்லையே."

அனுப்பியது தர்மினி. அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, அவர் போனிலிருந்து. சொல் இரண்டாக வெட்டுப்பட்டு நிற்பதை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். இதைக் கண்ணெதிரே பார்த்தாலாவது அவர் வாயிலிருந்து தன் பெயர் வரும் என்று நம்பியிருந்தாள்.

தெப்ராவ் நெடுஞ்சாலையில் சிக்னல் பச்சைக்கு மாறியது.

"உங்க பேர்லதானே போயிருக்கு?" என்றாள் தர்மினி. "அப்ப நீங்க எழுதினதுதான்."