பங்காளியின் முகம்

“கொஞ்சம் சிரிங்களேன்!” என்றாள் மனைவி, கணவனின் கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டபடி.

கட்டிலில் அவனை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தாள். தலை வாரியாயிற்று, பவுடர் பூசியாயிற்று, கம்பெனிச் சட்டையும் மாட்டியாயிற்று. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்கு, கல்யாண மாப்பிள்ளை தோற்றான் போங்கள்!

இந்த அலங்காரமெல்லாம் செல்போனுக்காக. வேலை தொடங்குமுன் தினமும் அதற்கு முகத்தைக் காட்ட வேண்டும். சேர்ந்த அன்று எடுத்த படத்தோடு ஒத்துப்போனால்தான் ஆர்டர் வரும். இல்லையென்றால் கணக்கை மூடிவிடுவார்கள். புது ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்ட கம்பெனியில், மூடிய கணக்கைத் திறப்பது குதிரைக் கொம்பு. இந்த வீட்டில் அடுப்பு எரிவதோ அந்த ஒரு கணக்கை நம்பித்தான்.

சேர்ந்த அன்று அவனுக்குப் பூரித்த கன்னம். பாலத்து வளைவில் லாரிக்காரன் இடித்துத் தள்ளியபின், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் அது ஒட்டிப்போய்விட்டது. விழுந்து கிடந்தவனை வழியில் போனவர்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கம்பெனியிடமிருந்து வந்தது, ‘சில நாட்களாக உங்கள் மதிப்பெண் குறைந்துள்ளது’ என்ற செய்தி மட்டும்தான்.

இப்போது இன்னொரு செய்தி வந்திருந்தது. வெகுநாளாக ஆர்டர் எடுக்காத கணக்குகள் இன்றோடு ரத்தாம். எடுத்த படங்களையெல்லாம் ‘முகம் பொருந்தவில்லை’ என்று செல்போன் தள்ளிவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி.

“காத்தை அடக்கிக் கன்னத்தை உப்புங்க. உதடு மட்டும் சிரிக்கட்டும்.”

“ரெண்டும் ஒண்ணா எப்படிம்மா முடியும்? ஊதினா சிரிப்பு வரல, சிரிச்சா காத்து போகுது.”

ஜன்னலில் எதிர்வீட்டு அக்காவின் தலை தெரிந்தது. “என்ன, தம்பிக்கு உடம்பு தேறிடுச்சு போல! வேலைக்குக் கிளம்பியாச்சா?”

“ஆமாக்கா, கிளம்பியாச்சு.”

“நல்ல பிள்ளை! எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, தும்முனாலே ஒரு வாரம் லீவு.”

மாதச் சம்பளக்காரர் வீடு. தாராளமாகத் தும்மலாம்.

அக்கா போனதும், மனைவி தரையில் உட்கார்ந்து ஷூக்களின் முனையில் பழைய துணியைத் திணிக்கத் தொடங்கினாள். முன்பென்றால் இப்படி ஒரு நாளை நினைத்தே பயந்து செத்திருப்பாள். இப்போது பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது.

“வானம் மூடிக்கிட்டு இருக்கு. இன்னைக்கு வேண்டாமே,” என்றான் அவன்.

“மழை பெஞ்சாத்தான் நாலு ஆர்டர் கூட வரும்.”

“அந்தப் பாலத்து வளைவு வழுக்குமே.”

“தெரியும்ங்க. மெதுவாப் போனாப் போச்சு.”

“வண்டி ஸ்டார்ட் ஆகுதா?”

“ஆகாம என்ன? நேத்தே பெட்ரோல் போட்டுட்டு வந்தேனே.”

அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு, “ஆஸ்பத்திரி செலவு விஷயமா கம்பெனிக்குப் போன் பண்ணினியே, என்ன சொன்னாங்க?” என்று கேட்டான்.

நேற்றிலிருந்து மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“சாப்பாட்டைக் குடுத்துட்டுத் திரும்பி வரும்போது விழுந்தா, அது வேலையில விழுந்த மாதிரி இல்லையாம்.”

“பின்னே? திரும்பி வர்றப்ப நான் ஊர் சுத்திக்கிட்டா வந்தேன்?”

“அதையும் கேட்டேன். நீங்க அவங்க வேலையாளே இல்லையாம். பார்ட்னராம்.”

“பார்ட்னரா?”

“ஆமா. பங்காளி.”

அவன் அவளையே பார்த்தான். “பங்காளின்னா சொத்துல பங்கு உண்டே! கேட்டியா?”

“கேட்டேன். போனை வச்சுட்டான்.”

சிரித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல் முறையாக, கண்ணில் நீர் வர, ஒட்டிய கன்னமெல்லாம் உப்பச் சிரித்தான். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். செல்போனுக்கு அதெல்லாம் தெரியாதே! சட்டென்று தூக்கிப் பிடித்து ஒரு படம் எடுத்தாள்.

‘வணக்கம் பார்ட்னர்! முகம் பொருந்துகிறது’ என்று பச்சை எழுத்து மின்னியது. கையோடு முதல் ஆர்டரும் வந்து விழுந்தது.

“அப்பாடா!” என்று எழுந்தவள், கட்டிலுக்கடியில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்துத் தூசி தட்டினாள். அவன் முகத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. ஆர்டரைப் படித்தான், தெருவைச் சொன்னான், குறுக்கு வழியையும் சொன்னான்.

பிறகு மெல்லச் சொன்னான்: “இந்தச் சட்டையைக் கழட்டி நீ மாட்டிக்கோ. எந்த வாசல்லயும் ஹெல்மெட்டை மட்டும் எடுத்துடாதே.”