இருபத்தெட்டு கிலோமீட்டர்

கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர், லிட்டருக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் என்றது. அதை நம்பித்தான் புதுக் கார் அடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் நிற்காமல் மலையேறியது. பதினாலாவது கொண்டை ஊசி வளைவில் பெட்ரோல் தீர்ந்து நின்றுவிட்டது. உள்ளே ஆறு பேர், மேலே மூட்டைகள், ஏசி வேறு.

"லிட்டருக்குப் பதினொண்ணுதான் வந்துச்சு. நீ எந்த ரோட்டுல அளந்தே?" என்றது கார்.

"ரோடா?" ஸ்டிக்கர் திகைத்தது. "ஒரு ரூமுக்குள்ள, ஒரு காரை உருளை மேல நிறுத்திச் சக்கரத்தைச் சுத்தவிட்டாங்க. ஏசி கிடையாது, மூட்டை கிடையாது."

ஆறு பேரும் இறங்கித் தள்ளியும் ஏற்றத்தில் அசையாத கார் மறுபடி கேட்டது.

"அப்போ இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடின அந்தக் கார் எங்கே போய்ச் சேர்ந்துச்சு?"

"எங்கேயும் போகலை," என்றது ஸ்டிக்கர். "இப்போ நீ நிக்கிற மாதிரிதான் நின்னுச்சு."